ஒரே பெயருள்ள பழைய கார், அடுத்த தலைமுறையில் ஏன் அடையாளமே தெரியாமல் மாறுகிறது?

பெயர் அப்படியே இருக்க, காரின் உடற்கூடு அடியோடு மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தலைமுறை என்கிறோம். உடற்கூட்டுக்கான அச்சுகளைச் செய்யப் பெருஞ்செலவு ஆகும் என்பதால், பல ஆண்டுகள் அவற்றையே வைத்து ஓட்டிவிட்டு, மாற்றும்போது மொத்தமாக மாற்றுகிறார்கள். அதற்குள் ரசனையும் மாறியிருக்கும்.

பாம்பன் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பாருங்கள்: ஒரே அச்சில் எடுத்தவை வண்ணத்தில்தான் வேறுபடும், அணியம் (படகின் முன்முனை) ஒன்றுபோலவே இருக்கும், அச்சு மாறினால்தான் வடிவம் மாறும்.

அதே ஃபைபரால் ஆன அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவர்லே கார்வெட், 1962 வரை உருண்டை விளக்குகளோடு இருந்து, 1963-இல் மறையும் விளக்குகளும் நடுவே பிளந்த பின்கண்ணாடியுமாகக் கூர்மையாக வந்தது. அழகுதான், ஆனால் பின்னால் பார்ப்பதற்கு இடைஞ்சல் என்பதால் அந்தப் பிளவு அடுத்த ஆண்டே போய்விட்டது.

தோற்றம் மாறினால் உள்ளே எல்லாமே புதிது என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த 1963 கார்வெட்டில் இருந்ததோ, முந்தைய ஆண்டின் அதே 5.4 லிட்டர் எஞ்சின்தான்.