நூறு ரூபாய் டிக்கன்ஸா, ஆயிரம் ரூபாய் டிக்கன்ஸா?

கேள்வி: பள்ளியில் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எங்களுக்கு நான்-டீடெய்ல். நூறு பக்கம்கூட இருந்திருக்காது. இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன், முழுசாகப் படிக்க ஆசை. நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. எல்லாம் ஒரே கதைதானே, எதை வாங்குவது? கூடவே கைடு மாதிரி ஏதாவது வேண்டுமா? ஆங்கில நாளிதழ் படிக்கும் அளவுக்குத்தான் எனக்கு ஆங்கிலம் வரும். (வாசகி, காரைக்குடி)

பதில்: ஒரே கதைதான் அம்மா, ஆனால் எல்லாப் பதிப்பிலும் முழுக்கதை இருக்காது. நீங்கள் பள்ளியில் படித்த அதே சுருக்கம் பளபள அட்டையோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. 'அப்ரிட்ஜ்ட்', 'ரீடோல்ட்' என்று உள்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாவலில் மொத்தம் 59 அத்தியாயங்கள். அது குறைந்தால் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

முழு நாவலையும் இலவசமாகவே படிக்கலாம். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இருக்கிறது. பிறகு எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? பின்னால் இருக்கும் குறிப்புகளுக்காகத்தான். ஆரம்பத்திலேயே கதாநாயகன், சிறுவன் பிப், வீட்டில் இருக்கும்போது தூரத்தில் பீரங்கி வெடிக்கிறது. 'ஹல்க்ஸ்' என்ற இடத்திலிருந்து கைதி தப்பிவிட்டானாம். ஹல்க்ஸ் என்றால் என்ன என்று நமக்கு முன்னால் பிப்பே கேட்கிறான், அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். கடலுக்குப் போகும் காலம் முடிந்த பழைய கப்பல்களைச் சிறையாக்கி நிறுத்தியிருந்தார்கள், அவைதான் ஹல்க்ஸ். 1776-ல் தொடங்கிய ஏற்பாடு அது. டிக்கன்ஸ் இதை எழுதிய 1860-ல் இங்கிலாந்தில் அந்தக் கப்பல்களே இல்லை.

பணக் கணக்கும் இப்படித்தான். பிப் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகச் சேரும்போது மிஸ் ஹாவிஷம் என்ற பணக்காரச் சீமாட்டி 25 கினி கொடுக்கிறாள். ஒரு கினிக்கு 21 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு 20. ஆக 26 பவுண்டு 5 ஷில்லிங். இது தெரியாவிட்டால் பிப்பின் அக்கா அன்றைக்கு ஏன் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறாள் என்பது பிடிபடாது.

அதனால் இப்படிக் குறிப்புகளோடு வரும் பெங்குவின் கிளாசிக்ஸ் அல்லது ஆக்ஸ்போர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ், இரண்டில் ஒன்றை வாங்குங்கள். எழுத்து எதில் பெரிதாகத் தெரிகிறதோ அது. நம் வயதில் இதைவிடப் பெரிய விமர்சன அளவுகோல் கிடையாது.

இந்த இரண்டிலும் இன்னொரு லாபம் உண்டு. டிக்கன்ஸ் முதலில் ஒரு முடிவு எழுதினார். அச்சில் வருவதற்குள் நண்பர் புல்வர்-லிட்டன் படித்துவிட்டு மாற்றச் சொல்ல, வேறு முடிவு எழுதினார். முதல் முடிவை, டிக்கன்ஸ் இறந்த பிறகு, அவருடைய வாழ்க்கையை எழுதிய ஜான் ஃபார்ஸ்டர் வெளியிட்டார். எது சரியான முடிவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவுக்குப் பழையதுதான் பிடித்தது, 1937-ல் அதையே வைத்து ஒரு பதிப்பு கொண்டுவந்தார். நான் எந்தக் கட்சி என்று இப்போது சொல்ல மாட்டேன். பின்னிணைப்பில் பழைய முடிவு இருக்கும், நாவலை முடித்த அன்றைக்கே அதையும் படியுங்கள்.

முன்னுரையை மட்டும் தயவுசெய்து கடைசியில் படியுங்கள். பிப்புக்குப் பணம் கொடுப்பது யார் என்பதுதான் கதையின் முடிச்சு. நான் முதலில் வாங்கிய பதிப்பின் முன்னுரை, மூன்றாம் பக்கத்திலேயே அதை அவிழ்த்துவிட்டது. எந்தப் பதிப்பகம் என்பது வேண்டாம், கோபம் இன்னும் இருக்கிறது.

எட்கர் ரோசன்பர்க் தொகுத்த நார்ட்டன் பதிப்பு (1999) அருமையானது, ஆனால் கட்டுரைகள் நிறைந்த கனத்த புத்தகம். இரண்டாம் வாசிப்புக்கு ஆகும்.

கைடா? பரீட்சைக்கான சுருக்கக் கைடு வேண்டவே வேண்டாம், திரும்ப நான்-டீடெய்லுக்கே போய்விடுவீர்கள். துணைக்கு ஒன்று வேண்டுமென்றால் டேனியல் பூல் எழுதிய 'வாட் ஜேன் ஆஸ்டன் ஏட் அண்ட் சார்லஸ் டிக்கன்ஸ் நியூ'. அந்தக் காலத்து நாணயம், வண்டி, சாப்பாடு, சட்டம் எல்லாம் அதில் இருக்கிறது. வரிசையாகப் படிக்காமல் தேவைப்படும்போது புரட்டலாம். டிக்கன்ஸ் என்ற மனிதர்மேல் ஆர்வம் வந்தால் கிளேர் டோமலின் எழுதிய வாழ்க்கை வரலாறு (2011), அதுவும் நாவல் முடிந்த அப்புறம். டேவிட் லீனின் 1946-ம் வருடப் படமும் அப்படியே.

உங்களைத் தடுக்கப்போவது அகராதிச் சொற்கள் இல்லை, கொல்லர் ஜோவின் கொச்சைப் பேச்சு. கண்ணால் படித்தால் குழப்பும், காதால் கேட்டால் புரியும். லிப்ரிவாக்ஸில் இலவச ஒலிப்புத்தகம் இருக்கிறது. ஜோ வாயைத் திறக்கும் அத்தியாயங்களை மட்டும் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பாருங்கள்.

அவசரமும் வேண்டாம். 1860 டிசம்பரில் தொடங்கி 36 வாரம் தொடராக வந்த கதை இது. வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் படித்தாலே முதல் வாசகர்களைவிட நீங்கள் வேகம்.

கடையில் 59 அத்தியாயமும் இருக்கிறதா என்று புரட்டும்போது எண்ணை மட்டும் பாருங்கள். கண் கீழே போக வேண்டாம்.