ஃபர்ம்வேரைத் தொடுமுன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்கள் நிறைந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க், வேலை நடுவில் காணாமல் போய்த் திரும்பத் தெரிகிறது. ஃபர்ம்வேர் (டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யச் சொன்னார்கள். கம்பெனி தளத்தில் சீரியல் நம்பர் போட்டால் 'அப்டேட் இல்லை'. அதே தளத்தில் மாடல் பெயரைத் தேடினால் ஒரு ஃபைல் கிடைக்கிறது. போன் செய்தால் கடையில் கேளுங்கள் என்கிறார்கள். அந்த ஃபைலைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்றைக்கே படங்களை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சர்க்யூட் போர்டும் ஃபர்ம்வேரும் கொண்ட டிஸ்க்குகள் வருகின்றன. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமை, பலரும் சொல்வதில்லை. மாடல் பக்கத்தைவிட சீரியல் நம்பருக்கு வரும் பதிலையே நம்புங்கள். டிஸ்க் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்ததென்றால், அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்தில்தான் தேட வேண்டும்.

தவறான ஃபர்ம்வேர் டிஸ்க்கையே முடக்கிவிடும். 2009 ஜனவரியில் சீகேட் பாராகுடா 7200.11 டிஸ்க்குகளின் கோளாறுக்கு வந்த முதல் அப்டேட், சில 500 ஜிபி டிஸ்க்குகளைச் செயலிழக்க வைத்தது. கம்பெனியே அதைத் திரும்பப் பெற்று, திருத்திய ஃபைலை வெளியிட்டது.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு எனக்கு முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி7 என்ற வரி இருக்கும், கேபிள் வழியாகத் தகவல் போகும்போது வரும் பிழைகளின் கணக்கு அது. அதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பனிமூட்டம் உள்ளே வரும் ஊர் அல்லவா. கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பொன்னிறப் பட்டைகள் மங்கிக் கறுத்திருக்கலாம். அதே மென்பொருளில், டிஸ்க்கில் பழுதான இடங்களை எண்ணும் 05, சி5 வரிகள் ஏறினால் டிஸ்க் தேய்கிறது. எந்த ஃபர்ம்வேரும் அதைக் காப்பாற்றாது, புதிது வாங்கிவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், லேபிளைப் போட்டோ எடுத்து, சீரியல் நம்பர், பார்ட் நம்பர், ஃபர்ம்வேர் எண் மூன்றையும் எழுதி மெயில் அனுப்புங்கள். 'இந்த டிஸ்க்குக்கு இந்த ஃபைல் பொருந்துமா' என்று மட்டும் கேளுங்கள். எழுத்தில் 'ஆம்' வந்தால் அப்டேட் செய்யலாம். யுஎஸ்பி பெட்டியில் இருந்தால் வெளியே எடுத்து நேராக மதர்போர்டில் இணைத்து, யூபிஎஸ் பேட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். ஐப்பசி மழையில், மரம் விழுந்து கரண்ட் போகும் நாளில் வேண்டாம்.