தொழிற்சாலைச் சலுகை யார் கணக்கில்?

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் தொழிற்சாலை வரப்போவதாகவும், அதற்கு முத்திரைத் தீர்வை விலக்கு, மின்வரி விலக்கு, குறைந்த விலையில் நிலம் எல்லாம் தரப்போவதாகவும் பேச்சு. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமென்றால், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? (வாலாஜா வட்டத்து வாசகர் ஒருவர்)

பதில்: நஷ்டம் உண்டு. ஆனால் அது ஒரே தலையில் மொத்தமாக விழுவதில்லை என்பதால், யாரும் அதைத் தம் நஷ்டமாக உணர்வதில்லை. பத்திரப்பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கோடி ரூபாய் பெறுமான நிலம் விற்பனையானால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதாவது 70 லட்சம் ரூபாய். அதில் 2 சதவீதத்துக்குரிய 20 லட்சம் உள்ளாட்சிகளுக்கு உரியது. முழு விலக்கு என்றால் அதுவும் சேர்ந்தே போகும். விலக்கை அறிவிப்பது சென்னை. தெருவிளக்குக்குப் பணமில்லை என்று கையை விரிக்க வேண்டியவர் உங்கள் பஞ்சாயத்துத் தலைவர்.

அடுத்து, ஆற்காடு சாலையில் இரண்டு லேத் எந்திரங்களோடு பட்டறை நடத்துபவரைப் பாருங்கள். அவருக்கு எந்த விலக்கும் இல்லை. அவர் பத்து ஆண்டுகளாகப் பழக்கிய ஆளைப் பெரிய ஆலை கூடுதல் சம்பளம் காட்டி அழைத்துக்கொண்டால், அது புதிய வேலைவாய்ப்பு என்று கணக்கில் ஏறும். பட்டறையில் காலியான இடம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்த ஆளுக்கு நல்லதுதானே என்றால், நல்லதுதான். நான் சொல்வது கணக்கைப் பற்றி.

தண்ணீரின் கணக்கை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதென்ற ஆய்வை, 1996ஆம் ஆண்டு பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. ராணிப்பேட்டையில் குரோமேட் என்ற ரசாயனம் தயாரித்த ஓர் ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கேயே குவிந்து கிடந்து, மழை பெய்யும்போதெல்லாம் நிலத்தடி நீரில் இறங்கியது. ஆலை தொடங்கும்போது போடும் வரவு செலவில் இதற்கென்று ஒரு வரிகூட இருப்பதில்லை.

கேள்வி: நாம் சலுகை தராவிட்டால் சித்தூர்ப் பக்கம் போய்விட மாட்டார்களா? கிராம சபையில் நாங்கள் என்னதான் கேட்பது? (காட்பாடி வாசகர் ஒருவர்)

பதில்: சிலர் போகலாம். ஆனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையும், சென்னைத் துறைமுகத்தின் அருகாமையையும், ஆம்பூர், வாணியம்பாடியில் தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலையில் பழகிய கைகளையும் எவரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. எப்படியும் வரவிருந்தவருக்குத் தரும் சலுகை வெறும் தானம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல, பக்கத்து மாநிலம் என்ன தருகிறது என்று தெரியாமலே இரு அரசுகளும் ஏற்றிக்கொண்டே போனால், லாபம் மாட்டுக்காரருக்குத்தான்.

பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட கார் ஆலைக்கு முதலீடு 9,000 கோடி ரூபாய், வேலை 5,000 பேருக்கு என்று அறிவித்தார்கள். இப்படி முதலீட்டுக்கும் வேலைக்கும் எண் சொல்லும் அறிவிப்புகள், எந்த ஆலையானாலும், சலுகைக்கு எண் சொல்வது அரிது. உங்கள் ஊர் ஆலையைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது எண்ணைக் கேளுங்கள். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா, சுற்றுக் கிராமத்தாருக்கு எத்தனை இடம், பாதியில் மூடினால் சலுகைத் தொகை திரும்ப வசூலிக்கப்படுமா, பாரவண்டிகள் ஓடிச் சிதையும் ஊர்ச்சாலையை எந்த நிதியிலிருந்து சீரமைப்பார்கள் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்; கிராம சபை கூடும் அக்டோபர் 2ஆம் தேதிக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, அதற்கு ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.