ஐ.சி.யூ.வில் இறங்கிய கொலஸ்ட்ரால்

அன்புள்ள டாக்டர்,

என் அப்பாவுக்கு வயது 64. சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் ப்ளூ காய்ச்சல் முற்றி நிமோனியாவாகி, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் வரை போய், பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது ஃபைலில் இருக்கும் ஒரு ரிப்போர்ட்டால் வீட்டில் தினமும் வாக்குவாதம். காய்ச்சலுக்குச் சில மாதம் முன்பு மொத்த கொலஸ்ட்ரால் 178, எல்.டி.எல். 104, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 160. ஐ.சி.யூ.வில் ஐந்தாம் நாள் எடுத்ததில் அதே வரிசையில் 92, 38, 16, 190. "கொலஸ்ட்ரால் போயே போச்சு, இனி எனக்கு மாத்திரை வேண்டாம்" என்கிறார் அப்பா. மாமா நேர் எதிர். "மாத்திரை போட்டுப் போட்டுக் கொழுப்பைக் கரைத்ததால்தான் உடம்பு வைரஸைத் தாங்கவில்லை, நெய்யும் முட்டையும் கொடுத்து ஏற்றுங்கள்" என்கிறார். வைரஸ்தான் கொலஸ்ட்ராலைத் தின்றுவிடுகிறது என்று ஒரு வாட்ஸப் வீடியோவும் வந்தது. யார் சொல்வதைக் கேட்பது?

க., திருச்சி

அன்புள்ள க.,

வென்டிலேட்டர் வரை போன அப்பா வீடு திரும்பி, மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அவர் மாத்திரையை நிறுத்த நினைப்பது கவலையாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி இங்கே பதில் எழுதுகிறேன். இதே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குழம்பும் குடும்பங்கள் நிறைய.

அந்த 92 என்ற எண்ணைக் கொண்டு அப்பாவின் வழக்கமான கொலஸ்ட்ராலைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஐந்தாம் நாள் அவர் உடம்பு எவ்வளவு கடுமையான போராட்டத்தில் இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஊரே வெள்ளத்தில் மிதக்கும் நாளில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, கோடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று சொல்ல முடியுமா?

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தனியாகக் கரைந்து ஓடாது. புரதத்தோடு சேர்ந்த நுண்ணிய உருண்டைகளாகத்தான் அது பயணம் செய்கிறது. எல்.டி.எல்., எச்.டி.எல். என்பவை அந்த உருண்டைகளின் இரண்டு வகைகள். இந்த வேலையில் பெரும்பங்கு கல்லீரலுக்கு. நுரையீரலில் கடும் தொற்று வந்தவுடன் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 போன்ற வேதிச் செய்திகளைக் கொட்டுகின்றன. அது எட்டியதும் சில மணி நேரத்திலேயே கல்லீரல் தன் வேலைப் பட்டியலை மாற்றிக்கொள்கிறது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் தயாரிப்பு குறைகிறது, சி.ஆர்.பி. மாதிரியான அழற்சிப் புரதங்கள் பெருகுகின்றன. அப்பாவின் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். அதே நாளில் சி.ஆர்.பி. எகிறியும் ஆல்புமின் இறங்கியும் இருக்க வாய்ப்பு அதிகம். கொலஸ்ட்ராலும் அந்த இறங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது.

எச்.டி.எல். 16 என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். எச்.டி.எல். உருண்டையின் முக்கியப் புரதம் ஏ-1 என்று ஒன்று. கடும் அழற்சியில் சீரம் அமிலாய்டு ஏ என்ற இன்னொரு புரதம் வெள்ளமாக வந்து அதை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி மாறிய உருண்டைகள் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. சில நொதிகள் வேறு அவற்றைச் சிதைக்கின்றன. நுண்குழாய்களின் சுவர் கசிவதால் கொஞ்சம் வெளியேறுகிறது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் இருப்பதையும் நீர்க்கச் செய்கிறது. இதற்கிடையில் அட்ரினல் சுரப்பிக்கு கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செய்ய மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். உயிருக்குப் போராடும் நாட்களில் அந்தத் தேவையும் கூடுகிறது. இப்படி நாலா பக்கமும் இழுபடும் எண் இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு மட்டும் ஏறியிருக்கிறதே என்றால், அதுவும் எதிர்பார்த்ததுதான். தொற்றில் கல்லீரல் அதைக் கூடுதலாக அனுப்புகிறது, திசுக்கள் மெதுவாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. வென்டிலேட்டரில் இருப்பவரை மயக்கத்தில் வைக்கப் பெரும்பாலும் புரொபோஃபால் கொடுப்பார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்த மருந்து 10 சதவீதக் கொழுப்புக் குழம்பில் கலந்து வருவது. ஒரு மில்லியில் 1.1 கலோரி. நாள் கணக்கில் ஓடினால் ட்ரைகிளிசரைடு ஏறும். இன்னொன்றும் கவனியுங்கள்: பல ஆய்வகங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான்: 92-இல் எச்.டி.எல். 16 போக, ட்ரைகிளிசரைடு 190-இல் ஐந்தில் ஒரு பங்கான 38 போக, மீதி 38. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. ஐ.சி.யூ. எல்.டி.எல்.லை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்லை. 2020-இல் வூஹானிலிருந்து வந்த ஆய்வுகளிலேயே இது தெரிந்தது. கோவிட் நோயாளிகளுக்கு எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டும் குறைந்திருந்தன, நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு இன்னும் குறைவு. தேறியவர்களுக்கு எண்கள் மேலே வந்தன, இறந்தவர்களுக்குக் கீழேயே கிடந்தன. தொற்றுக்கு உடம்பே கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸிலும் பெரிய தீக்காயத்திலும் இதைத்தான் பார்க்கிறோம். கடுமையான டெங்குவிலும் உண்டு.

இங்கேதான் மாமா வழி தவறுகிறார். குறைந்தவர்கள் அதிகம் இறந்தார்கள் என்றால், குறைந்ததால் இறந்தார்கள் என்று ஆகிவிடாது. நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கொலஸ்ட்ரால் இறங்குகிறது, நோய் கடுமையாக இருப்பதால் மரணமும் கூடுகிறது. இதற்கு நல்ல சாட்சி டோசிலிசுமாப் என்ற மருந்து. இன்டர்லூகின்-6-இன் வேலையைத் தடுக்கும் இந்த மருந்தை மூட்டுவாதத்துக்கு வருடக்கணக்காகக் கொடுத்து வருகிறோம். கொடுத்தால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை, அழற்சியின் கையை எடுத்துவிட்டோம், எண் எழுந்துகொள்கிறது. அவ்வளவுதான்.

மாத்திரைதான் கெடுத்தது என்ற குற்றச்சாட்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைப்பது நுரையீரல் நோயாளிகளைக் கொல்லும் என்றால், ஐ.சி.யூ.வில் ஸ்டாட்டின் என்ற வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் இறந்திருக்க வேண்டும். நுரையீரல் கடுமையாகப் பழுதானவர்களுக்கு அழற்சியை அடக்குமோ என்ற நம்பிக்கையில் அதைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள் 2014-இல் வெளிவந்தன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சிம்வாஸ்டாட்டின், அமெரிக்காவில் ரோசுவாஸ்டாட்டின். இரண்டிலும் எதிர்பார்த்த பலன் இல்லை, மரணமும் கூடவில்லை. கோவிட் காலத்தில் 13 நாடுகளில் 2,684 தீவிர நோயாளிகளிடம் தினம் 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். 80 என்பது சாதாரணமாகக் கொடுக்காத பெரிய அளவு. 2023-இல் வந்த முடிவில், மருந்து உதவியிருக்க 95.9 சதவீத வாய்ப்பு என்று கணக்கு வந்தது. பலன் உண்டு என்று அறிவிக்க அவர்களே முன்கூட்டி வைத்த எல்லை 99 என்பதால் நிரூபணமானதாகச் சொல்லவில்லை. ஆக, ஸ்டாட்டினை நிமோனியாவுக்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவை அது சாய்த்தது என்ற பேச்சுக்கு இந்தச் சோதனைகளில் எங்கும் ஆதாரம் இல்லை. மாமாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அக்கா வீட்டுக்காரர் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் பேசுகிறார்.

எண்ணை ஏற்றினால் நல்லது என்ற நம்பிக்கைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எச்.டி.எல்.லை உயர்த்தவென்றே வந்த மருந்து டார்செட்ராபிப். சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் எச்.டி.எல். 72 சதவீதம் உயர்ந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே மரணம் கூடியது, தொற்றால் இறந்தவர்களும் அதில் உண்டு. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். ரிப்போர்ட்டில் ஒரு எண் நிமிர்வதும் மனிதர் தேறுவதும் தானாகவே ஒன்றாகிவிடுவதில்லை.

வாட்ஸப் வீடியோவுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அப்பாவின் மொத்த கொலஸ்ட்ரால் 86 புள்ளி, அதாவது 100 மில்லிக்கு 86 மில்லிகிராம் இறங்கியிருக்கிறது. உடம்பில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சுமார் மூன்று லிட்டர் என்று வைத்தால், ரத்தத்திலிருந்து காணாமல்போனது ஏறக்குறைய இரண்டரை கிராம். வைரஸின் எடை எவ்வளவு? கொரோனா வைரஸுக்கு இதை இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தினர் கணக்கிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். தொற்று உச்சத்தில் இருக்கும் ஒருவர் உடம்பில் உள்ள எல்லா வைரஸையும் சேர்த்தால் 1 முதல் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டாது. வைரஸ் நம் செல்லின் கொழுப்புச் சவ்வைப் போர்த்திக்கொண்டு கிளம்புவது உண்மை. அதற்காக இரண்டரை கிராமை அதன் தலையில் கட்ட முடியாது.

சரி, இப்போது மாத்திரை. அப்பாவிடம் நான் நேரில் பேச முடிந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: இந்தச் சில மாதங்களில் மட்டும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ப்ளூவோடு மாரடைப்புக்கு இருக்கும் உறவு நம் ஊரில் பரவலாகத் தெரியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், சோதனையில் ப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைப்போல ஆறு மடங்கு இருந்தது. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து முதல் மாதத்தில் மிக அதிகம், அப்புறம் குறைந்தாலும் வருடக்கணக்கில் நீடிக்கிறது என்று 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. 64 வயது, சர்க்கரை, இப்போது கடும் நிமோனியா. ரத்தக்குழாய்களைக் காக்கும் மாத்திரை அப்பாவுக்கு முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

மருத்துவமனையிலேயே அதை நிறுத்தி வைத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். கல்லீரல் நொதியோ தசை நொதியோ ஏறியிருந்தால் தற்காலிகமாக நிறுத்துவது சரிதான். கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் இரண்டும் ரத்தத்தில் தேங்கும். அப்போதும் நிறுத்துவது உண்டு. சிக்கல் என்னவென்றால், நிறுத்தியதை மறுபடி தொடங்க டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத விட்டுப்போகும். உங்கள் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, எப்போது தொடங்குவது என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் மாமாவோடு பாதி வழி வருகிறேன். முட்டை கொடுங்கள், தாராளமாக. காரணம் கொலஸ்ட்ரால் இல்லை, தசை. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்த ஓர் ஆய்வில் பத்தே நாளில் சுமார் 18 சதவீதம் கரைந்திருந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறார் என்றால் அதன் பலன்தான். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று வேளைக்கு வேளை புரதம் சேரட்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே தினமும் கொஞ்சம் நடை. மிச்சர், ரொட்டி, கஞ்சி என்று மட்டும் கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும். நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்ற ஒரு காரணமும் இல்லை. இறங்கிய கொலஸ்ட்ரால் தொற்று அடங்கினாலே தானாக மேலே வரும்.

அது பழைய நிலைக்கு வரச் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். வீடு திரும்பிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து, காய்ச்சல் ஏதும் இல்லாதபோது, ஒரு முறை லிப்பிட் ப்ரொஃபைல் எடுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த ரிப்போர்ட்டை வைத்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். நோய்க்கு முன்பே 104 இருந்த எல்.டி.எல்., சர்க்கரை உள்ளவருக்கு இன்னும் கொஞ்சம் குறைய வேண்டியதுதான் என்பதையும் அப்போது கேளுங்கள். ப்ளூ தடுப்பூசியை எப்போது போடலாம் என்றும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து.