பொம்மைகளுக்கு உயிர் வரும் 'டாய் ஸ்டோரி' படத்துக்கு முன்பே வீட்டுச் சாமான்களுக்கு உயிர் கொடுத்த கார்ட்டூன் படம் உண்டா? குழந்தையோடு பார்க்கலாமா?

உண்டு. 'தி பிரேவ் லிட்டில் டோஸ்டர்', ஜெர்ரி ரீஸ் இயக்கி 1987-ல் வந்தது. டாய் ஸ்டோரி வர அப்போது இன்னும் எட்டு வருஷம் இருந்தது. போன லீவில் ஏழு வயசு மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

கதை ரொம்பச் சின்னது. காட்டுக்குள் ஒரு விடுமுறை வீடு. அங்கே வந்துபோன பையன் வளர்ந்துவிட்டான், வருஷக்கணக்காக எட்டிப்பார்க்கவில்லை. பொறுத்துப் பார்த்த டோஸ்டர், மேஜை விளக்கு, ரேடியோ, மின்சாரப் போர்வை, வேக்குவம் கிளீனர் ஐந்தும் ஒரு கார் பேட்டரியை ஏற்றிக்கொண்டு அவனைத் தேடி நகரத்துக்குக் கிளம்புகின்றன.

எனக்குப் பிடித்ததே, ஒவ்வொன்றின் குணமும் அது செய்கிற வேலையிலிருந்தே முளைப்பதுதான். போர்வைக்கு யாரையாவது ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வழியில் பேட்டரி செத்துப்போக, விளக்கு கொட்டும் மழையில் மேலே ஏறி நின்று மின்னலைத் தன் மேல் வாங்கி அதற்கு உயிர் கொடுக்கிறது. அந்த விடுமுறை வீட்டுச் சுவரில் பதித்த ஏசிக்கோ வேறு குறை: பையன் குட்டையாக இருந்ததால் அதன் திருகுக்குக் கை எட்டியதே இல்லை, ஒரு நாளும் தொட்டு விளையாடவில்லை. மற்றவை அதைச் சொல்லிச் சீண்ட, சிவந்து கொதித்து வெடித்தே போகிறது. மகள் மெல்லத் திரும்பி எங்கள் வீட்டு ஏசியைப் பார்த்தாள். "அப்பா, இதுக்கும் நம்ம மேல கோவமா?"

கடைசியில் வரும் பழைய இரும்புக் கிடங்கு எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நசுக்கும் எந்திரத்துக்குப் போகிற கார்கள், ஓடிய காலத்தைப் பாடிக்கொண்டே போகின்றன. குழந்தைப் படத்தில் இப்படி ஒரு பாட்டா என்று ஆகிவிட்டது.

ஒரு கிளைக்கதை: டிஸ்னியில் இருந்தபோது ஜான் லாஸட்டர் இந்தக் கதையைக் கம்ப்யூட்டர் பின்னணியோடு எடுக்கத் திட்டம் போட்டார். நிராகரித்தார்கள், வேலையும் போயிற்று. அதே லாஸட்டர்தான் பிறகு டாய் ஸ்டோரியை இயக்கினார். இந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஜோ ரான்ஃப்டும் அதில் இருந்தார்.

ஆறு வயசுக்கு மேல் என்றால் காட்டலாம், பக்கத்தில் இருங்கள். ஏசியைப் படம் முடிவதற்குள் பையன் வந்து சரிசெய்துவிடுவான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ஃபேன் மட்டும்தான் ஓடியது.