அண்ணன்மேல் தம்பியை ஒற்றனாக வைக்காதீர்கள்

கேள்வி: எங்களுக்கு இரண்டு பையன்கள். பெரியவன் பத்தாம் வகுப்பு, சின்னவன் ஆறாம் வகுப்பு. லீவில் இருவரும் ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்: ரோட்ரிக் ரூல்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தார்கள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன்காரன் தம்பியைப் படாத பாடு படுத்துகிறான். பிறகு இருவரும் சேர்ந்துகொண்டு அப்பா அம்மாவை ஏமாற்றுகிறார்கள், அதிலேயே ஒற்றுமையும் ஆகிவிடுகிறார்கள். அண்ணன் என்ன செய்கிறான் என்று தினமும் என்னிடம் வந்து சொல்லும் சின்னவன், இந்தப் படத்துக்குப் பிறகு வாயே திறப்பதில்லை. குழந்தைகள் படம் என்ற பெயரில் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: படத்துக்கு வருவதற்கு முன் உங்கள் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘அண்ணன் என்ன செய்கிறான் என்று தினமும் வந்து சொல்லும் சின்னவன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்புப் பையனை அவன் அண்ணன்மேல் ஒற்றனாக வைத்திருக்கிறீர்கள் அம்மா. அவன் வாயை மூடிக்கொண்டதற்கு இந்தப் படம்தான் காரணம் என்றால், படம் எடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஜெஃப் கின்னியின் புத்தக வரிசையை வைத்து 2010-இல் ஒரு படம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2011-இல் டேவிட் பவர்ஸ் இயக்கியதுதான் நீங்கள் பார்த்தது. தம்பி கிரெக் இதில் ஏழாம் வகுப்பு. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் ஆறு முதல் எட்டு வரை மிடில் ஸ்கூல் என்று தனிப் பள்ளி. ஆரம்பப் பள்ளியில் பெரிய பிள்ளையாக வளைய வந்தவன் அங்கே போனதும் மறுபடி பொடியனாகிவிடுகிறான். யார் பக்கத்தில் இடம் கிடைத்தது, எந்தப் பெண் தன் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் உயிர் போகிற விஷயமாகத் தெரியும் வயது. பள்ளியில் பட்ட அவமானத்தோடு வீட்டுக்கு வந்தால், அங்கே ஹைஸ்கூல் படிக்கும் அண்ணன் ரோட்ரிக் டிரம்ஸும் கையுமாகக் காத்திருக்கிறான். இரண்டு இடத்திலும் கிரெக் கடைசி ஆள்.

இவர்கள் சண்டையைத் தீர்க்க அம்மா சூசன் ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். அண்ணனும் தம்பியும் ஒன்றாக நேரம் செலவழித்தால் ‘மாம் பக்ஸ்’ என்று வீட்டுக்குள் செல்லுகிற நோட்டு தருவாள். அதைக் கொடுத்து நிஜ டாலராக மாற்றிக்கொள்ளலாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் நடத்திய ஓர் ஆய்வை 1973-இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைய உட்காரும் நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. தானாக வருகிற ஆசைக்கே கூலி கொடுத்தால் இந்த கதி. வராத பாசத்துக்குக் கூலி கொடுத்தால் என்ன ஆகும்? சூசனின் நோட்டு தோற்கிறது.

அந்த நோட்டு செய்யாததை ஒரு கதவு செய்கிறது. நீங்கள் கோபப்படும் காட்சி அதுதான் என்று நினைக்கிறேன். பெற்றோர் ஊரில் இல்லாத நேரம் ரோட்ரிக் வீட்டில் பார்ட்டி வைக்கிறான். வந்தவர்களில் யாரோ பாத்ரூம் கதவில் அழியாத மார்க்கரால் கிறுக்கிவிடுகிறார்கள். தேய்த்தாலும் போகவில்லை. பெற்றோர் எந்த நேரமும் வந்துவிடலாம். பேஸ்மென்டில் இருக்கும் வேறொரு கதவைக் கழற்றிவந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகுதான் தெரிகிறது, அதில் தாழ்ப்பாள் இல்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இருவரும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களே, படத்தின் உயிரே அந்த இடம்தான். பெற்றோரிடம் மறைக்க ஒரு ரகசியம் கிடைத்த நாளில்தான் அநேக வீடுகளில் அண்ணன் தம்பி உறவு ஆரம்பமாகிறது.

அதன்பின் நடப்பதை நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். அம்மா கிரெக்கிடமிருந்து உண்மையை வரவழைத்துவிடுகிறாள். ஆனால் பிள்ளைகள் இப்போதுதான் ஒட்டுகிறார்கள் என்பதற்காக, தெரியாதவளைப்போலவே இருக்கிறாள். நடந்த தப்பை விட்டுவிட்டு, புதிதாக வந்த உறவைக் காப்பாற்றும் அந்த மௌனத்துக்குப் பெரிய மனசு வேண்டும். பின்னால் எல்லாம் வெளிப்பட்டு, ரோட்ரிக்குக்குத் தண்டனை கிடைக்கிறது. தம்பிதான் போட்டுக்கொடுத்தான் என்று தெரிந்ததும் அவன் சொல்வது இதுதான்: நீ எனக்குத் தம்பிதான், என்றைக்கும் நண்பனாக முடியாது. தண்டனை அவனைச் சுடவில்லை, கோள் சொன்னது சுட்டுவிட்டது. உங்கள் பெரியவன் மனசில் என்ன இருக்கும் என்று அந்த இடத்திலாவது யோசித்திருக்கலாம்.

கடைசியில் கிரெக் அந்தக் கடனை எப்படி அடைக்கிறான் பாருங்கள். திறமைப் போட்டியில் அண்ணன் வாசிக்கக் கூடாது என்று வீட்டில் தடை. தனக்கு மானம் போகிற காரியம் என்று ஒதுக்கிவந்த மேஜிக் நிகழ்ச்சியில் நண்பன் ரவ்லியோடு மேடை ஏறச் சம்மதித்து, அதற்குப் பதிலாக அண்ணனுக்கு அனுமதி வாங்கித் தருகிறான். இதைப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் படம் என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது?

படத்தில் கண்டிக்க வேண்டியது வேறு இருக்கிறது. பார்ட்டி நடக்கும்போது தம்பியை பேஸ்மென்டில் வைத்துப் பூட்டுவது சிரிப்புக்கான விஷயமாகப் போகிறது. பள்ளியில் சிராக் குப்தா என்ற பையன் எதிரில் நின்றாலும், அவன் தங்கள் கண்ணுக்கே தெரியாத மாதிரி எல்லோரும் நடிக்கிறார்கள். பாவம், நிஜமாகவே தவித்துப்போகிறான். வீட்டில் அண்ணனிடம் படுவதை கிரெக் வெளியில் இன்னொருவன்மேல் இறக்குகிறான். இயக்குநர் அதையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறார். இதில் எனக்கு வருத்தம் உண்டு. கூடப் பிறந்தவர்களுக்குள்தானே என்று நாம் சாதாரணமாக விடுவது எல்லாம் சாதாரணம் அல்ல. 2013-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் கொரின்னா டக்கர் குழுவினர் சுமார் 3,600 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவரிடம் அடியோ அவமானமோ பட்டதாகச் சொன்ன பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பயமும் கோபமும் அதிகமாக இருந்தன. சின்னவனிடம் அண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்கும் நீங்கள், ‘அண்ணன் உன்னை என்ன செய்கிறான்’ என்று கேட்டதுண்டா? அடித்தால், பூட்டிவைத்தால், நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினால் என்னிடம் வந்து சொல் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அது கோள் ஆகாது. அண்ணன் எத்தனை மணிக்கு செல்போனை எடுத்தான், யாரோடு பேசினான் என்பதை அவன் இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவனுக்கு இது பொதுத்தேர்வு வருஷம். உங்களுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியதை அவனை எதிரில் உட்காரவைத்து அவனிடமே கேளுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டால் மறுநாளும் அவனிடமே கேளுங்கள்.