கேட் எழுதணுமா, டான்செட் போதுமா? உங்க கேள்வி, என் பதில்

கேள்வி: அக்கா, திண்டுக்கல்ல பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். கேட்டுக்கு (ஐஐஎம் மாதிரி மத்திய அரசு எம்பிஏ காலேஜ்ல சேர எழுதுற CAT நுழைவுத் தேர்வு) இதுவரைக்கும் 14 மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதியாச்சு, 70 பெர்சன்டைல விட்டு நகரவே மாட்டேங்குது. இன்னும் எத்தனை எழுதணும்?

பதில்: எண்ணிக்கைய விடுங்க தம்பி. எழுதி முடிச்சதும் ஸ்கோர பாத்துட்டு மூட் அவுட் ஆகி லேப்டாப்ப மூடிட்டு போறீங்களா, இல்ல உக்காந்து தப்ப நோண்டுறீங்களா? முதல் வருஷம் நானும் மூடிட்டு போன கேஸ்தான். ரெண்டாவது தடவை ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்ல 'தெரியல', 'தெரிஞ்சும் சொதப்பல்', 'தொட்டிருக்கவே கூடாது' இந்த மூணுல ஒண்ண எழுதிட்டே வந்தேன். நாலு மாக்லயே புரிஞ்சிருச்சு, எனக்கு கணக்கு பிரச்சனையே இல்ல, அந்த மூணாவதுதான் ஆளை காலி பண்ணிட்டு இருந்திருக்கு. ஒரு டிஐஎல்ஆர் (டேட்டாவும் லாஜிக்கும் கேக்கிற பகுதி) செட், வட்ட மேசைல எட்டு பேர், இவர் பக்கத்துல அவர் உக்கார மாட்டாராம், அவருக்கு எதிர்ல இவர் உக்கார மாட்டாராம், கல்யாண பந்தில சம்பந்தி வீட்டுக்காரங்கள சமாதானப்படுத்துற மாதிரி 22 நிமிஷம் போச்சு. அதுக்கு அடுத்து இருந்த லட்டு மாதிரி டேபிள் செட்ட நான் திறந்து கூட பாக்கல. ஒரு செக்ஷனுக்கு 40 நிமிஷம்தான், இதுல மிச்சம் பிடிச்சு அதுல போட முடியாது. அதனால டிஐஎல்ஆர்ல முதல் அஞ்சு நிமிஷம் ஒண்ணையும் போடாம எல்லா செட்டையும் ஒரு தடவை படிச்சு பாருங்க.

இன்னொண்ணு, பெர்சன்டைல்ங்கிறது மார்க் இல்ல, எழுதினவங்கள்ல எத்தனை சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னாடி இருக்காங்கங்கிற கணக்கு. மொத்த மார்க்குல பாதி கூட எடுக்காம 99 வாங்கினவங்க இருக்காங்க. அதே சமயம் 2024ல கேட் எழுதினது கிட்டத்தட்ட 2.93 லட்சம் பேர், அப்போ 99 வாங்கினா கூட உங்களுக்கு முன்னாடி சுமாரா 2,900 பேர் நிக்கிறாங்க. 14 போதும், அந்த 14ஐயும் திரும்ப எடுத்து நோண்டிட்டு 15வதுக்கு போங்க.

கேள்வி: மேடம், என் பையன் கேட் அப்ளை பண்றான். நாங்க எம்.பி.சி., கம்யூனிட்டி சர்டிபிகேட் கைல இருக்கு. அது போதும்தானே?

பதில்: போதாது சார். வருஷா வருஷம் நம்ம ஊர் பிள்ளைங்க வழுக்கி விழுற இடமே இதுதான். உங்க கைல இருக்கிறது மாநில அரசு சர்டிபிகேட், ஐஐஎம்ல 27 சதவீத இடத்துக்கு கேக்கிறது மத்திய அரசு ஃபார்மேட்ல ஓபிசி நான்-கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோர்ல வசதியான பிரிவு இல்லன்னு சொல்ற) சர்டிபிகேட். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுல கிரீமி லேயர்ங்கிற பேச்சே கிடையாது, அதனால நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு தனியா வாங்கணும்னே தெரியல, தெரியிறப்ப லாஸ்ட் டேட் முடிஞ்சிருக்கும். முதல்ல உங்க சாதி மத்திய அரசு ஓபிசி லிஸ்ட்ல அதே பேர்ல இருக்கான்னு பாருங்க. வருமான வரம்பு 8 லட்சம்னதும் பயந்துடாதீங்க, அந்த கணக்குல சம்பளமும் விவசாய வருமானமும் சேராது (ஆனா அப்பா அம்மா அரசு வேலைல இருந்தா என்ன பதவிங்கிறத வச்சு தனி விதி இருக்கு). இ-சேவைல போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு மேசை தாண்டணும், அதனால இப்பவே போட்டுடுங்க. கேட் ரிஜிஸ்ட்ரேஷன் வழக்கமா ஆகஸ்ட்ல திறந்து செப்டம்பர்ல மூடிடுவாங்க.

கேள்வி: பஸ் பின்னாடி ஒரு காலேஜ் விளம்பரம் பாத்தேன், ஹையஸ்ட் பேக்கேஜ் 24 லட்சமாம், 100 பர்சன்ட் பிளேஸ்மென்ட்டாம். ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸ் 15 லட்சம். லோன் போட்டு சேரலாமா?

பதில்: அந்த 24 லட்சம் ஒருத்தருக்கு கிடைச்சது. மத்தவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு அந்த பஸ் சொல்லாது. ஆவரேஜையும் நம்பாதீங்க, மேல ரெண்டு பேர் பெரிசா வாங்கினா மொத்த கிளாஸும் பணக்காரங்களா தெரியும், மீடியன் (எல்லாரையும் சம்பள வரிசைல நிறுத்தினா நடுவுல நிக்கிறவர் வாங்குறது) என்னன்னு கேளுங்க. கேட்டா சுத்தி வளைப்பாங்க, பரவாயில்ல, என்ஐஆர்எஃப்னு மத்திய அரசு போடுற ரேங்கிங்ல கலந்துக்கிற காலேஜா இருந்தா அவங்க கொடுத்த டேட்டாவ அவங்க வெப்சைட்லயே பிடிஎஃப்பா போட்டிருக்கணும். அதுல எத்தனை பேர் சேந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, மீடியன் சம்பளம் எவ்வளவுன்னு வரிசையா இருக்கும். காலேஜே கொடுக்கிற கணக்குதான், இருந்தாலும் விளம்பரத்த விட பல மடங்கு தேவலாம். பிடிஎஃப்ப திறந்து 120 பேர் முடிச்சு 70 பேருக்குத்தான் வேலைன்னு இருந்தா அந்த '100 பர்சன்ட்' யாரை எண்ணினதுன்னு நேரா கேளுங்க. சில இடத்துல பிளேஸ்மென்ட்டுக்கு பேர் கொடுத்தவங்கள மட்டும் எண்ணுவாங்க, மார்க் பத்தலன்னு ஒதுக்கி வச்சவங்க கணக்குலயே வர மாட்டாங்க.

அடுத்தது லோன். 15 லட்சம், 10 சதவீத வட்டி, பத்து வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 19,800 ரூபா. படிக்கிற ரெண்டு வருஷத்துல ஏறுற வட்டி இதுல சேரல. சிடிசி (கம்பெனி காட்டுற மொத்த வருஷ சம்பளக் கணக்கு) 7 லட்சம்னு சொல்லி அதுல வேரியபிள், பிஎஃப் எல்லாம் போக கைக்கு 48,000 வருதுன்னு வைங்க, சென்னைல ரூம் வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்னு நீங்களே போட்டு பாருங்க. நானா இருந்தா அந்த பஸ்ஸ போக விட்டிருப்பேன்.

கேள்வி: திருச்சிக்காரி நான், வெளியூர் அனுப்ப மாட்டேங்கிறாங்க. டான்செட் மட்டும் எழுதினா போதுமா?

பதில்: ரெண்டையும் எழுதுங்கம்மா. டான்செட் அண்ணா யுனிவர்சிட்டி நடத்துறது, தமிழ்நாட்டு எம்பிஏ கவுன்சலிங்க்கு அதுதான் சாவி, அரசு காலேஜ் கிடைச்சா ஃபீஸ் கம்மி. ஆனா உங்க ஊர்லயே 2011ல வந்த ஐஐஎம் இருக்கு, என்ஐடிலயும் எம்பிஏ இருக்கு, ரெண்டுக்கும் கேட் ஸ்கோர்தான் வேணும். ஐஐஎம் ஆரம்பத்துல என்ஐடி கேம்பஸ்குள்ளதான் ஓடிட்டு இருந்துச்சு, இப்போ புதுக்கோட்டை ரோட்டுல சூரியூர் பக்கம் தனி கேம்பஸ். பஸ் ஏறாமலே ஐஐஎம் கிடைக்கிற ஊர்ல இருந்துட்டு கேட் எழுதாம விடாதீங்க.

கேள்வி: பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். விஏஆர்சின்னாலே (கேட்ல வர்ற இங்கிலீஷ் பகுதி) வயித்த கலக்குது.

பதில்: வார்த்தை லிஸ்ட் மனப்பாடம் பண்ற புக்க மொதல்ல தூக்கி போடுங்க, கேட்ல அர்த்தம் கேக்கிற கேள்வி நேரடியா வர்றதில்ல. 24 கேள்வில 16 கேள்வி நாலு பேசேஜ்ல இருந்து வருது. உங்களுக்கு வேண்டியது ஒரு நீளமான கட்டுரைய தூங்காம முடிக்கிற பழக்கம். தினமும் ஒரு இங்கிலீஷ் கட்டுரை படிங்க, முடிச்சதும் எழுதினவர் என்ன சொல்ல வர்றார்னு ரெண்டு வரி எழுதுங்க, தமிழ்ல எழுதினாலும் சரி. நான் முதல் மூணு மாசம் தமிழ்லதான் எழுதினேன்.